காரின் பின்பக்கத்தில் ‘டொக் டொக்’ சத்தம்: இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு வழிகாட்டி

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்சீட்டுக்குக் கீழே ஒரு ‘டொக்’. பள்ளம் மேடான தெருவில் போனால் விடாமல் ‘டக் டக்’. பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில், “ஷாக் போச்சு சார், ரெண்டையும் மாத்திடலாம்.” மாற்றிவிட்டு வெளியே வந்த முதல் வேகத்தடையிலேயே அதே ‘டொக்’ கேட்டால் எரிச்சல் வருமா வராதா?

எண்ணெய் வடிந்துபோன ஷாக் அப்சார்பர் வண்டியைத் தூக்கித் தூக்கிப் போடும், ஊஞ்சல் மாதிரி ஆட வைக்கும். ஆனால் இரும்போடு இரும்பு மோதும் சத்தம் அதன் உள்ளிருந்து வருவது குறைவு. இரண்டு இரும்புக்கு நடுவே இருக்க வேண்டிய ரப்பர் எங்கே இல்லையோ, எங்கே ஒரு போல்ட் இறுக்கம் விட்டிருக்கிறதோ, அங்கிருந்துதான் அது வரும். அந்த இடத்தைக் கண்ணால் பார்த்து, கையால் அசைத்து உறுதி செய்கிற வரைக்கும் ஒரு பார்ட்டும் வாங்காதீர்கள். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி தேடுவதைப் பற்றியே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இங்கே சொல்வது ஸ்விஃப்ட், பலேனோ, ஐ10, ஐ20, போலோ போன்ற முன்சக்கர இழுவைச் சிறிய கார்களுக்குப் பொருந்தும். இவற்றின் பின்பக்கம் ‘டார்ஷன் பீம்’ வகை. இன்னோவா, பொலேரோ போன்றவற்றுக்கு உள்ள வேறுபாடுகளைப் பின்னால் பார்க்கலாம்.

பின்பக்கத்தில் என்னதான் இருக்கிறது

இரண்டு சக்கரத்தையும் குறுக்கே இணைக்கும் ஒரு இரும்பு உத்திரம் (இதுதான் டார்ஷன் பீம்), அதன் இரு முனையிலும் முன்னோக்கி நீளும் இரண்டு கைகள். கையின் முன்முனை ஒரு பெரிய ரப்பர் புஷ் வழியாக வண்டியின் பாடியோடு போல்ட்டில் மாட்டியிருக்கும். பின்முனையில் சக்கரமும் பிரேக் ட்ரம்மும். கையிலோ உத்திரத்திலோ உள்ள கிண்ணத்தில் சுருள் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். அதன் மேலும் கீழும் ரப்பர் இருக்கை. பக்கத்தில் ஷாக் அப்சார்பர், மேலே ஒரு பிடிப்பு, கீழே ஒரு பிடிப்பு. முழு அமுக்கத்தில் இரும்பு மோதாமல் தடுக்க ‘பம்ப் ஸ்டாப்’ என்ற ரப்பர் கட்டை. ஒரு பக்கத்துக்கு இவ்வளவுதான். முன்பக்கம் போல பால் ஜாயின்ட், ஸ்டியரிங் ராட் எதுவும் கிடையாது. ஆகவே பின்பக்கச் சத்தத்தைப் பொறுமையுள்ள யாரும் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள்

பின்பக்கச் சத்தத்தில் கணிசமான பங்கு சஸ்பென்ஷனே இல்லை. ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கும். ஜாக்கி அதன் இடத்தில் இறுக்கி வைக்கப்படாமல் கிடக்கும். பல கார்களில் ஜாக்கியை அதன் குழியில் வைத்து, திருகைக் கையால் கொஞ்சம் விரித்தால்தான் அது அசையாமல் நிற்கும். பஞ்சர் போட்ட அவசரத்தில் அப்படியே தூக்கிப் போட்டிருப்பார்கள்.

டிக்கியில் இருக்கும் எல்லாவற்றையும், ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் உட்பட, வீட்டில் இறக்கி வையுங்கள். பின்சீட்டின் சாய்வு முழுதாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். சீட் பெல்ட்டின் கொக்கிகளை மாட்டிவிடுங்கள்; தொங்கும் கொக்கி கதவின் பிளாஸ்டிக்கில் தட்டுவது அச்சு அசலாக ‘டக் டக்’ என்றே கேட்கும். டிக்கிக் கதவின் ஓரத்தில் இருக்கும் இரண்டு ரப்பர் முட்டுகளைச் சற்று வெளியே திருகி, கதவு ஆடாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். பார்சல் ட்ரேயை எடுத்துவிடுங்கள். சிஎன்ஜி சிலிண்டர் இருந்தால் அதன் சட்டத்தின் போல்ட்டுகளையும் அசைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது அதே தெருவில், அதே வேகத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். சத்தம் போயிருந்தால் உங்கள் வேலை முடிந்தது. போகவில்லையென்றால் அடுத்தது சைலன்சர். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பின்னால் உட்கார்ந்து சைலன்சர் குழாயின் முனையைப் பிடித்து மேலும் கீழும், இடதும் வலதும் ஆட்டுங்கள். அது ரப்பர் வளையங்களில் தொங்குகிறது. ஒரு வளையம் அறுந்திருந்தாலும் குழாய் உத்திரத்திலோ பாடியிலோ போய் இடிக்கும். இடித்த இடத்தில் துரு உரிந்து பளபளப்பாக ஒரு தழும்பு இருக்கும். பின்பக்கச் சத்தம் தேடுகிறவருக்கு இந்தப் பளபளப்புதான் துப்பு; எங்கே பழைய இரும்பில் புதுப் பளபளப்பு தெரிகிறதோ அங்கே ஏதோ உரசுகிறது என்று பொருள்.

வீல் நட்டுகளையும் இந்தக் கட்டத்திலேயே சோதித்துவிடுங்கள். சிறிய கார்களில் பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கம் (டார்க்) கேட்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான எண் இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்றாக, எதிரெதிர் வரிசையில் இறுக்க வேண்டும்.

சத்தம் எப்போது வருகிறது

வண்டியைத் தூக்குவதற்கு முன் இந்த விசாரணையை முடித்துவிட்டால் பாதி வேலை மிச்சம். ஆளில்லாத தெருவில், கண்ணாடிகளை இறக்கி, பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். உடன் ஒருவர் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து எந்தப் பக்கம் என்று கவனிக்கட்டும். டிக்கிக்குள் ஆளை உட்கார வைக்க வேண்டாம். செல்போனை ரெக்கார்டிங்கில் போட்டு, ஒரு துணியில் சுற்றி, முதலில் இடது ஓரத்திலும் பிறகு வலது ஓரத்திலும் வைத்தால் போதும்.

சின்னச் சின்னக் குழிகளில், மெதுவாகப் போகும்போதே ‘டக் டக் டக்’ என்று விரைவாகத் தட்டினால், ஷாக்கின் மேல் அல்லது கீழ்ப் பிடிப்பைச் சந்தேகியுங்கள். சக்கரம் ஒரு சென்டிமீட்டர் அசைந்தாலே ஷாக்கின் தண்டு அசைகிறது. பிடிப்பில் தளர்வு இருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு தட்டு.

வேகத்தடையில் இறங்கும்போது மட்டும் ஒரே ஒரு கனமான ‘டொக்’ என்றால் ஸ்பிரிங், அதன் ரப்பர் இருக்கை, பம்ப் ஸ்டாப் ஆகியவற்றில் ஒன்று. நான்கு பேரும் மூட்டையும் ஏறியபோது மட்டும் வந்தால் பெரும்பாலும் பம்ப் ஸ்டாப் உதிர்ந்துபோயிருக்கும்.

பிரேக் பிடிக்கும்போதும், ரிவர்ஸ் எடுத்துப் பிறகு முன்னால் போகும்போதும் ‘கடக்’ என்று வந்தால் உத்திரத்தின் முன்முனையிலுள்ள பெரிய புஷ்கள்தான் முதல் சந்தேகம். இதோடு வேகத்தில் பிரேக் போட்டால் பின்பக்கம் ஒரு பக்கமாக நெளிவது போலத் தோன்றினால் சந்தேகம் வலுக்கும். ஆனால் திசை மாறிய பின் முதல் பிரேக்கில் மட்டும் மெல்லிய ஒரு ‘டக்’ கேட்பது, ட்ரம்முக்குள் பிரேக் ஷூ இடம் மாறி உட்காரும் ஓசையாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு வழி உண்டு: காலியான மைதானத்தில் 10 கி.மீ. வேகத்துக்குள், ஹேண்ட் பிரேக்கை ஒன்று இரண்டு பல் மட்டும் இழுத்துப் பிடித்தபடி அதே மேடு பள்ளத்தில் விடுங்கள். சத்தம் மறைந்தால் ட்ரம்முக்குள் எதோ ஆடுகிறது. மாறவே இல்லையென்றால் ட்ரம் நிரபராதி. பொதுச்சாலையில் இதைச் செய்யக் கூடாது.

மோதல் சத்தமில்லாமல் ‘கிரீச்’, ‘நறநற’ என்று வந்தால் காய்ந்த ரப்பர். சந்தேகப்படும் ரப்பரில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஓட்டினால், சரியான இடமாக இருந்தால் சத்தம் சில நிமிடங்களுக்கு அடங்கும். இன்ஜின் ஆயிலோ கிரீஸோ விடாதீர்கள். எண்ணெய் பட்ட ரப்பர் ஊதி, இளகிப் போகும். விட்டே ஆக வேண்டுமானால் சிலிக்கான் கிரீஸ்.

வண்டியைத் தூக்குவது

வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி டயர் மாற்ற மட்டும். அதை நம்பி ஒரு விரலைக்கூட வண்டிக்கு அடியில் விடக் கூடாது. ஒரு ஹைட்ராலிக் ஜாக்கியும் இரண்டு ஜாக்கி ஸ்டாண்டும் வேண்டும். அல்லது பிட் (வண்டிக்கு அடியில் இறங்கி நிற்கும் குழி) உள்ள பட்டறையில் அரைமணி நேரம் இடம் கேளுங்கள். செங்கல், ஹாலோ பிளாக் வைத்து முட்டுக் கொடுப்பது உயிரைப் பணயம் வைப்பது. சிமென்ட் கல் முன்னறிவிப்பு ஏதுமில்லாமல் நொறுங்கும்.

சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்சக்கரம் சுற்ற வேண்டும் என்பதால் ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு முதல் கியரில் போடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’யில்.

தூக்குவதற்கு முன் ஒரு சின்ன வேலை. டேப்பை எடுத்து, பின்சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டரின் விளிம்பு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று இரு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். கடைசியில் போல்ட் இறுக்கும்போது இந்த எண் இல்லாமல் சரியாக வேலை முடியாது. இரண்டு பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் காட்டினால் தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங் உடைந்திருக்கலாம் என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கியை உத்திரத்தின் நடுவில் கொடுக்காதீர்கள். அது முறுக்கத்துக்காகச் செய்த மெல்லிய தகடு; நடுவில் முழுப் பாரமும் விழுந்தால் வளையும், பிறகு பின்சக்கரத்தின் கோணமே மாறிவிடும். கையேட்டில் காட்டியிருக்கும் பக்கவாட்டு ஜாக்கி இடங்களில் ஸ்டாண்டை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு வண்டியை வலுவாக ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும்.

ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பது

சக்கரத்தை மேலும் கீழுமாக, அதாவது கடிகாரத்தின் 12, 6 இடங்களில் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால் வீல் பேரிங். சுற்றிவிட்டு, மறுகையை ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். பேரிங் தேய்ந்திருந்தால் ஒரு கரகரப்பு கைக்கு ஏறும்.

சக்கரத்தைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஷாக்கின் உடலைக் கையால் பிடித்து எல்லாத் திசையிலும் உலுக்குங்கள். கீழ்ப் பிடிப்பின் போல்ட்டைச் சுற்றி ரப்பர் முட்டை வடிவமாக நீண்டிருக்கிறதா? உள்ளிருக்கும் இரும்புக் குழாய் ஒருபக்கம் ஒட்டி, மறுபக்கம் இடைவெளி விட்டிருந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. சில ஷாக்குகளுக்குப் புஷ் தனியாகக் கிடைக்கும், பலவற்றுக்கு ஷாக்கோடுதான்.

மேல்பிடிப்புதான் அதிகம் ஏமாற்றும் இடம். சில கார்களில் டிக்கியின் பக்கவாட்டு ட்ரிம்மைக் கழற்றினால் நட் தெரியும். சிலவற்றில் சக்கரக் குழிக்குள்ளேயே போல்ட்டாக இருக்கும். நட் இருக்கும் வகையில் அடுக்கு இப்படி இருக்கும்: மேலே நட், அதன் கீழ் வாஷர், ஒரு ரப்பர், பாடியின் தகடு, இன்னொரு ரப்பர், மீண்டும் வாஷர். ரப்பர் நசுங்கித் தேய்ந்தால் இந்த அடுக்கு மொத்தமும் ஓரிரு மில்லிமீட்டர் தளர்ந்துபோகும். வாஷரின் அடியில் வெள்ளிக் காசு போல ஒரு பளபளப்பான வளையம் தேய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், சத்தம் அங்கேதான். புது ஷாக் போட்ட பிறகு வந்த சத்தம் என்றால் இந்த இடத்தைத்தான் முதலில் திறக்க வேண்டும்: ஒரு வாஷரை மறந்திருப்பார்கள், வாஷரின் குழிவைத் தலைகீழாக வைத்திருப்பார்கள், ரப்பருக்குள் இருக்க வேண்டிய சிறு குழாயை விட்டிருப்பார்கள், அல்லது நட்டைப் பாதியிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

ஷாக்கின் உடலில் லேசான ஈரப்பசை படிந்து அதில் புழுதி ஒட்டியிருப்பது சாதாரணம். எண்ணெய் கோடாக வழிந்து கீழ்ப்பாதி முழுக்க நனைந்திருந்தால்தான் சீல் போய்விட்டது என்று பொருள்.

ஸ்பிரிங்கை டார்ச் அடித்து, கையால் தடவிப் பாருங்கள். உடைவது பெரும்பாலும் கீழ்ப்பக்கத்துக் கடைசிச் சுற்றில். கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் துளை சேற்றால் அடைபட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே நிற்கும். பெயிண்ட் உரிந்த இடத்தில் துரு ஏறி, அங்கிருந்து வெடிப்பு தொடங்கும். உடைந்த துண்டு கிண்ணத்திலேயே சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் என்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் ஸ்பிரிங் முழுதாக இருப்பது போலவே தெரியும். சேற்றைக் கழுவிவிட்டு, கம்பியின் முனையைப் பாருங்கள். தொழிற்சாலையில் வெட்டிய முனை தட்டையாக, பெயிண்டோடு இருக்கும். உடைந்த முனை சரிவாக, பருபருவென்று, துருவேறி இருக்கும். உடைந்த முனை டயரை நோக்கி இருந்தால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், டோ வண்டியை அழையுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வண்டி உயரம் கூடும் என்று ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் ‘பஃபர்’ செருகுவது பரவலாக நடக்கிறது. அது இரண்டு சுற்றை வேலை செய்யவிடாமல் கட்டிப்போடுகிறது. மற்றச் சுற்றுகள் கூடுதல் சுமை தாங்கிச் சீக்கிரம் உடைகின்றன. நழுவிய பஃபரே தட்டிக்கொண்டும் இருக்கும். இருந்தால் எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

பெரிய புஷ்

இந்தப் புஷ்ஷில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவே இரண்டையும் ஒட்டிப் பிடித்திருக்கும் ரப்பர். உள் குழாயைப் போல்ட் இறுக்கிப் பாடியோடு சேர்த்துவிடுகிறது, வெளி வளையம் கையோடு நகர்கிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை. ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு மீள்கிறது.

டார்ச் அடித்தால் ரப்பரில் பிறை வடிவ இடைவெளிகள் தெரியலாம். பல புஷ்களில் அவை வேண்டுமென்றே விடப்பட்டவை. வார்ப்பில் வந்த இடைவெளியின் ஓரம் வழவழப்பாக இருக்கும்; கிழிசலின் ஓரம் கோணலாக, தூள் உதிர்ந்து, ரப்பர் குழாயைவிட்டுப் பிரிந்து நிற்கும். மேல்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் மட்டும் இருந்தால் இன்னும் ஓடும்.

கைக்கும் பிடிப்புத் தகட்டுக்கும் நடுவே ஒரு நீண்ட லீவரைக் கொடுத்து முன்னும் பின்னும் நெம்புங்கள். பிரேக் குழாயிலும் ஏபிஎஸ் ஒயரிலும் லீவர் படக் கூடாது. ரப்பர் சில மில்லிமீட்டர் நெளிந்து தானாகத் திரும்பினால் நல்லது. இரும்பு இரும்பில் இடிக்கும் ‘டக்’ கேட்டால், அல்லது குழாய் ஒருபக்கமாக ஒதுங்கியே நின்றால், புஷ் முடிந்தது.

எதுவும் சிக்கவில்லையென்றால் கடைசியாக ட்ரம்மைக் கழற்றுங்கள். ட்ரம் வரவில்லையென்றால் சுத்தியல் தேவையில்லை. மாருதி கார்களில் ட்ரம்மின் முகத்தில் உள்ள இரண்டு மரையுள்ள துளைகளில் 8 மி.மீ. போல்ட்டுகளை மாறி மாறித் திருகினால் தானாகத் தள்ளிக்கொண்டு வரும். ஷூவைப் பிடித்திருக்கும் ஊசியும் ஸ்பிரிங்கும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தூசியை ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

சரிசெய்வது: ஷாக் மாற்றும் முறை

ஷாக், ஸ்பிரிங், புஷ் எதுவானாலும் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கழற்றிய ஷாக்குகள் மலிவாகக் கிடைக்கும். கதவு, கண்ணாடி அங்கே வாங்கலாம், ஷாக் வாங்க வேண்டாம். துளை போட்டு எண்ணெய் நிரப்பி வெல்டிங் வைத்து, பெயிண்ட் அடித்துத் தரும் ‘ரீகண்டிஷன்’ ஷாக்கும் அப்படியே.

டார்ஷன் பீம் காரில் சக்கரம் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதை ஷாக்தான் தடுத்து நிறுத்துகிறது. ஷாக்கின் கீழ் போல்ட்டை எடுத்தவுடன் உத்திரம் தடாலென்று இறங்கும், பிரேக் குழாய் இழுபடும், ஸ்பிரிங் வெளியே வந்து விழும். ஆகவே ஸ்பிரிங் கிண்ணத்துக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து, கையைச் சற்று உயர்த்திப் பாரத்தை ஜாக்கியில் ஏற்றிய பிறகே போல்ட்டைத் தொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். முந்தைய இரவே மரைகளில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வைத்தால் போல்ட் முறியாமல் வரும்.

மேல் நட்டைக் கழற்றும்போது தண்டும் சேர்ந்து சுற்றும். தண்டின் நுனியில் இரண்டு தட்டைப் பக்கமோ ஆறுமூலைக் குழியோ இருக்கும். அதை ஒரு சாவியால் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்புங்கள். பளபளப்பான தண்டைப் பிளையரால் கவ்வக் கூடாது. அதில் விழும் ஒரு கீறல், ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் சீலை அறுக்கும். சில வாரங்களில் புது ஷாக் வழியத் தொடங்கும். பழைய அடுக்கைக் கழற்றும்போதே வரிசை மாறாமல் போட்டோ எடுத்துவிடுங்கள்.

புது ஷாக்கை மாட்டுவதற்கு முன், வண்டியில் நிற்கும் நிலையிலேயே நிமிர்த்திப் பிடித்து, முழுதாக அமுக்கி, முழுதாக இழுத்து, நான்கைந்து முறை செய்யுங்கள். கடையில் படுக்கையில் கிடந்தபோது உள்ளே புகுந்த காற்று இப்படித்தான் மேலே போகும். செய்யாவிட்டால் முதல் நாள் புது ஷாக்கே ‘டொக்’ என்று அடிக்கும். பிறகு மேலே மாட்டி, ஜாக்கியால் கையை உயர்த்தி இறக்கிக் கீழ்த் துளையை நேர்ப்படுத்தி, போல்ட்டை நுழைத்து, நட்டைக் கையால் மட்டும் ஏற்றி நிறுத்துங்கள். நைலான் உள்ள லாக் நட் என்றால் புதிது போடுங்கள்.

ஸ்பிரிங் மாற்ற, இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் எடுத்து, உத்திரத்தை இரு பக்கமும் ஜாக்கி கொடுத்துச் சமமாக மெதுவாக இறக்கினால் பெரும்பாலான டார்ஷன் பீம் கார்களில் ஸ்பிரிங் தானே தளர்ந்து கைக்கு வரும். அமுக்கம் மிச்சமிருந்தால் நெம்பி எடுக்க முயலாதீர்கள். ரப்பர் இருக்கைகளையும் சேர்த்து மாற்றுங்கள். வடிகால் துளையைக் குத்தித் திறவுங்கள். கம்பியின் முனை ரப்பரிலுள்ள படிக்கட்டுப் போன்ற தடுப்பில் போய் முட்டி நிற்க வேண்டும். முட்டாமல் விட்டால் ஸ்பிரிங் ஒவ்வொரு பள்ளத்திலும் சுழன்று உட்காரும், அதுவே புதுச் சத்தம். டாடா இண்டிகா போல ஸ்பிரிங் ஷாக்கின் மேலேயே மாட்டியிருக்கும் வகையில் கம்ப்ரெசர் கருவி இல்லாமல் கை வைக்கக் கூடாது. அது பட்டறை வேலை.

பெரிய புஷ் வீட்டில் மாறாது. உத்திரத்தின் முன் போல்ட்டுகளைக் கழற்றி, கையை இறக்கி, பிரஸ் வைத்துப் பழையதைத் தள்ளிப் புதியதை ஏற்ற வேண்டும். பிரஸ் உள்ள பட்டறை அல்லது லேத் பட்டறை செய்து தரும். நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பழைய புஷ்ஷின் பிறை இடைவெளிகள் எந்தத் திசையில் இருந்தன என்று கையின் மேல் முன்கூட்டியே மார்க்கரால் கோடு போட்டு, புதியதும் அதே திசையில், அதே ஆழத்தில் ஏற வேண்டும். திசை மாறினால் முன்பின்னாக மெத்தென்று இருக்க வேண்டியது விறைப்பாகி, வண்டியின் நடையே கெடும்.

இறுக்குவது: எல்லாரும் தவறும் இடம்

சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது புஷ் போல்ட்டை இறுக்கினால், ரப்பர் அந்தத் தொங்கும் நிலையையே தன் இயல்பு நிலையாகப் பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியவுடன் அது நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் மேலும் முறுக்கும். சில மாதங்களில் கிழியும். “கம்பெனி பார்ட் போட்டும் நிக்கலையே” என்று பார்ட்டைக் குறை சொல்வோம்.

எழுதி வைத்த அளவு இப்போது பயன்படும். ஸ்பிரிங் கிண்ணத்துக்கு அடியில் ஜாக்கி வைத்து, சக்கரத்தின் மையத்துக்கும் ஃபெண்டர் விளிம்புக்கும் உள்ள தூரம் அதே எண்ணுக்கு வரும்வரை உயர்த்துங்கள். பாடி ஸ்டாண்டை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் உடனே இறக்கிவிட்டு, நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்படி பிட்டிலோ ராம்ப்பிலோ வைத்து இறுக்குங்கள். ஸ்பிரிங் உடைந்திருந்த வண்டியில் நல்ல பக்கத்து அளவையே இரண்டுக்கும் எடுங்கள். உத்திரத்தின் முன் போல்ட்டுகள், ஷாக்கின் கீழ் போல்ட்டுகள் இரண்டையும் இந்த நிலையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால், உங்கள் வண்டிக்கான எண்ணுக்கு இறுக்க வேண்டும். எண் கிலோகிராம்-மீட்டரில் (kgf·m) இருந்தால், அதில் 1 என்பது சுமார் 9.8 நியூட்டன் மீட்டர்.

இன்னோவா, ஆல்ட்டோ, பொலேரோ

பின்சக்கர இழுவை இன்னோவாவில் நான்கு கைகளும் குறுக்கே ஒரு லேட்டரல் ராடும் உண்டு. வளைவிலும் ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழும்போதும் வரும் சத்தத்துக்கு லேட்டரல் ராடின் புஷ்ஷை முதலில் பாருங்கள். ஆல்ட்டோ 800 போன்ற நேர் ஆக்ஸில் கார்களுக்கும் அப்படியே. பின்சக்கர இழுவை வண்டியில் கிளட்ச் விடும்போதும் கியர் மாற்றும்போதும் ‘டங்’ என்று வந்தால் அது பெரும்பாலும் சஸ்பென்ஷன் இல்லை, இன்ஜினின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டு, அதாவது யுஜே கிராஸ்.

பொலேரோ, ஆம்னி வகையறாவில் பின்னால் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் கமான் பட்டை. பட்டையின் முனையைத் தொங்கவிடும் ஷேக்கிளின் புஷ், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப், பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யு போல்ட் மூன்றையும் பாருங்கள். யு போல்ட் தளர்ந்தால் சென்டர் போல்ட் தனியாகச் சுமை தாங்கி முறியும். முறிந்தால் ஆக்ஸிலே பின்னுக்கு நகர்ந்துவிடும். ஒரு பக்கச் சக்கரம் ஃபெண்டருக்குள் நடுவில் இல்லாமல் பின்தள்ளி நின்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஓட்டிப் பார்த்த பிறகு

சக்கரங்களை மாட்டி, வண்டியை இறக்கி, நட்டுகளை இறுதியாக இறுக்கியபின் அதே தெருவில், அதே வேகத்தில், டிக்கி காலியாக இருக்கும்போதே ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் திரும்ப வைத்து மறுபடி ஒருமுறை. 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை மீண்டும் டார்க் ரென்ச்சால் பாருங்கள். கழற்றி மாட்டிய ஒவ்வொரு போல்ட்டிலும் நட்டின் மேலிருந்து பக்கத்துத் தகடு வரை வெள்ளை மார்க்கரால் ஒரே கோடு இழுத்துவிடுங்கள். 500 கி.மீ. ஓடியதும் டார்ச்சோடு குனிந்து பார்த்தால் போதும்: கோடு நேராக இருந்தால் நட் அசையவில்லை, முறிந்து விலகியிருந்தால் அந்த நட் சுற்றியிருக்கிறது, அதை மட்டும் மீண்டும் வண்டி தரையில் நிற்கும் உயரத்தில் இறுக்க வேண்டும்.